மொழி அறிந்த எடிட்டர்: எந்த உதவியைத் திறப்பது, எதை மூடுவது?

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் செய்முறைக்கு வரும் மாணவர்களில் பலர் நிரலை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். செய்யுள் ஒப்பிப்பதுபோல் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தட்டச்சு செய்கிறார்கள். எங்கோ ஒரு முக்காற்புள்ளி விட்டுப்போகிறது. நிரலை இயக்கியதும் திரையில் சிவப்பு நிறத்தில் ஆங்கில வரிகள் வருகின்றன. தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் அந்த வரிகளைப் படிக்க முயல்வதே இல்லை. "சார், எரர் வருது" என்று கை தூக்கிவிடுகிறார்கள். ஒரே நேரத்தில் பத்துக் கைகள் உயரும்போது ஓர் ஆசிரியரால் என்ன செய்ய முடியும்? ஒவ்வொரு கணினியாகச் சென்று, விடுபட்ட புள்ளியை வைத்துவிட்டு அடுத்த கணினிக்கு நகர்கிறோம். பிழை போய்விடுகிறது. பிழையைக் கண்டுபிடிக்கும் திறன் மட்டும் மாணவரிடம் வருவதில்லை.

இந்த இடத்தில் நமக்குத் துணையாக நிற்கக்கூடிய கருவி, நிரல் எழுதப் பயன்படும் எடிட்டர். ஆனால் அதை நிறுவினால் மட்டும் போதாது. இன்றைய எடிட்டர்கள் தரும் உதவிகள் ஏராளம். சில உதவிகள் மாணவரைச் சிந்திக்க வைக்கும். சில அவருக்குப் பதிலாகச் சிந்தித்துவிடும். எந்த உதவியை எப்போது திறந்து வைப்பது, எப்போது மூடி வைப்பது என்று முடிவு செய்வது ஆசிரியரின் வேலை. அந்த முடிவை எப்படி எடுக்கலாம் என்று பார்ப்போம்.

எடிட்டருக்கு மொழி தெரியும் என்றால் என்ன?

நோட்பேடிலும் நிரல் எழுதலாம். ஆனால் நோட்பேடுக்கு விடுப்புக் கடிதமும் நிரலும் ஒன்றுதான். இரண்டும் அதற்கு வெறும் எழுத்துகள். மொழி அறிந்த எடிட்டர் அப்படிப் பார்ப்பதில்லை. ஒரு வாக்கியத்தைப் பார்த்ததும் தமிழாசிரியர் எழுவாய் எது, பயனிலை எது என்று பிரிப்பதுபோல, அது நிரலைச் சிறப்புச்சொல், மாறி, எண், சரம், குறிப்புரை என்று பிரித்துப் பார்க்கிறது.

நிரல் எழுதியே அறியாத ஆசிரியர்களும் புரிந்துகொள்ள ஓர் எடுத்துக்காட்டு. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் கட்டற்ற நிரல்மொழியில் சிறப்புச்சொற்கள் எல்லாம் தமிழில் இருக்கும். தேர்ச்சியைச் சொல்லும் சிறு நிரலை அதில் இப்படி எழுதலாம்:

மதிப்பெண் = 75
@( மதிப்பெண் >= 35 ) ஆனால்
    பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
    பதிப்பி "மீண்டும் முயல்க"
முடி

இதில் ஆனால், இல்லை, முடி, பதிப்பி ஆகியவை மொழிக்குச் சொந்தமான சொற்கள். மதிப்பெண் என்பது நாம் வைத்த பெயர். மேற்கோள் குறிக்குள் இருப்பது சரம். இவற்றை மூன்று வெவ்வேறு நிறங்களில் காட்டுவதுதான் எடிட்டர் செய்யும் முதல் உதவி. 'தேர்ச்சி' என்பதன் பின் மேற்கோள் குறியை மூடாமல் விட்டால் நிறம் மாறிப் பிழை உடனே கண்ணில் படும். நிரலை இயக்கிப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நிறத்துக்கு அடுத்த படி அடிக்கோடு. அடைப்புக்குறியை மூடாவிட்டாலும், மாறியின் பெயரை ஓரிடத்தில் ஒருவிதமாகவும் வேறோரிடத்தில் வேறுவிதமாகவும் எழுதினாலும், எடிட்டர் அந்த இடத்தில் நெளிகோடு போடும். நோட்டுத் திருத்தும்போது நாம் சிவப்பு மையால் போடும் கோடு இதுதான். ஒரு வேறுபாடு உண்டு. நம் கோடு மறுநாள்தான் மாணவரின் கைக்குப் போய்ச் சேரும். எடிட்டரின் கோடு எழுதிக்கொண்டிருக்கும்போதே விழுகிறது. பக்கத்து மாணவருக்குத் தெரியாமலும் விழுகிறது. தவறு செய்யக் கூச்சப்படும் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல்.

ஸ்கிராட்சுக்கும் பைத்தானுக்கும் இடையே

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் காட்சித் தொடர்பு பாடத்தில் மாணவர்கள் ஸ்கிராட்சைச் சந்திக்கிறார்கள். அங்கே தொடரியல் பிழைக்கு இடமே இல்லை. பொருந்தாத கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாது. பதினொன்றாம் வகுப்பில் சி++ வருகிறது. அங்கே ஓர் அரைப்புள்ளி குறைந்தாலும் நிரல் நின்றுவிடும். பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான். அங்கே உள்தள்ளலில் ஓர் இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் பிழை.

தவறே செய்ய முடியாத இடத்திலிருந்து, ஒரு புள்ளிக்கும் மன்னிப்பில்லாத இடத்துக்கு ஒரே ஆண்டில் தாவச் சொல்கிறோம். பல மாணவர்கள் கால் இடறுவது இங்கேதான். மொழி அறிந்த எடிட்டர் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு படிக்கல். அது தவறு செய்ய விடும். ஆனால் தவறு நடந்த இடத்தை உடனே காட்டும்.

பாடநூல் சி++ மொழிக்கு டெவ் சி++ மென்பொருளையும், பைத்தானுக்கு ஐடில் மென்பொருளையும் பயன்படுத்துகிறது. இரண்டுமே நிறம் காட்டும். ஆனால் ஐடில் எழுதும்போதே பிழையைக் காட்டாது. எழுதும்போதே அடிக்கோடு போடும் எடிட்டர்களில் இன்று பரவலாக இருப்பது மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015-இல் இலவசமாக வெளியிட்ட விஷுவல் ஸ்டுடியோ கோட். சுருக்கமாக விஎஸ் கோட். இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் அதையொட்டியவை.

பின்னணியில் நடப்பது

ஓர் எடிட்டருக்கு இத்தனை மொழிகள் எப்படித் தெரிகின்றன? முன்பெல்லாம் ஒவ்வோர் எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழியையும் தனித்தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. 10 எடிட்டர்கள், 10 மொழிகள் என்றால் 100 இணைப்புகள். 2016 ஜூன் மாதத்தில் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹாட், கோட்என்வி ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து ஒரு பொது நெறிமுறையை அறிவித்தன. அதன் பெயர் லேங்குவேஜ் சர்வர் புரோட்டோகால். ஒவ்வொரு மொழிக்கும் மொழியறிவு கொண்ட ஒரு சிறு மென்பொருள் இருக்கும். எந்த எடிட்டரும் அதனிடம் ஒரே முறையில் கேள்வி கேட்கலாம். இப்போது 10 எடிட்டர்களும் 10 மொழிகளும் 20 இணைப்புகளில் முடிந்துவிடுகின்றன.

மாணவர் ஓர் எழுத்தைத் தட்டியதும் எடிட்டர் அந்த மாற்றத்தை மொழி மென்பொருளுக்கு அனுப்புகிறது. 'இத்தனையாவது வரியில், இத்தனையாவது எழுத்தில் இன்ன பிழை' என்று பதில் வருகிறது. எடிட்டர் அங்கே கோடு போடுகிறது. பெயரில் சர்வர் என்று இருந்தாலும், இந்த உரையாடல் நம் ஆய்வகக் கணினிக்குள்ளேயே நடக்கிறது. ஒருமுறை நிறுவிவிட்டால் நிறத்துக்கும் அடிக்கோட்டுக்கும் இணையம் தேவையில்லை.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். எடிட்டர் வேறு, நிரலை இயக்கும் மென்பொருள் வேறு. விஎஸ் கோட் நிறுவினால் பைத்தானோ சி++ நிரல்பெயர்ப்பியோ கூடவே வராது. அவற்றைத் தனியாக நிறுவ வேண்டும். நோட்டுப் புத்தகம் வாங்கினால் பேனாவும் கூடவே வராது அல்லவா?

சேஸிஸும் பாடியும்

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கம் பாடி கட்டும் பட்டறைகளைப் பார்க்காத மாணவர் நம் மாவட்டங்களில் இருக்க மாட்டார். கம்பெனியிலிருந்து வருவது சேஸிஸ் மட்டும். முட்டை ஏற்றவா, கேஸ் டேங்கர் மாட்டவா, போர்வெல் ரிக் ஏற்றவா என்பதைப் பொறுத்துப் பாடி மாறும். விஎஸ் கோட் ஒரு சேஸிஸ். பைத்தானுக்கான நீட்சியைச் சேர்த்தால் பைத்தான் தெரியும். சி++ நீட்சியைச் சேர்த்தால் சி++ தெரியும். நம் வகுப்புக்கு எந்தப் பாடி வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

கன்ட்ரோல் விசையுடன் காற்புள்ளியை அழுத்தினால் அமைப்புகள் பக்கம் திறக்கும். மேலே உள்ள தேடல் கட்டத்தில் பெயரைத் தட்டச்சு செய்தால் அந்த அமைப்பு வரும். வகுப்பறைக்கு முதலில் வேண்டியவை இவை:

1. ஃபான்ட் சைஸ்: இயல்பாக 14 இருக்கும். புரொஜெக்டரில் காட்டும்போது 22 அல்லது 24 வையுங்கள். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் முக்காற்புள்ளி தெரிய வேண்டும்.

2. ஃபான்ட் ஃபேமிலி: ஆங்கில எழுத்துருவுக்குப் பின் காற்புள்ளியிட்டு 'நிர்மலா யுஐ' என்று சேர்த்தால் தமிழ்க் குறிப்புரைகள் தெளிவாகத் தெரியும்.

3. ரெண்டர் ஒயிட்ஸ்பேஸ்: இதை 'ஆல்' என்று மாற்றினால் இடைவெளிகள் சிறு புள்ளிகளாகத் தெரியும். பைத்தானில் உள்தள்ளலுக்கு நான்கு இடைவெளி என்பதை எண்ணிக் காட்டலாம். கண்ணுக்குத் தெரியாததைப் பிழை என்று சொன்னால் மாணவருக்கு எப்படிப் புரியும்?

4. ஆட்டோ சேவ்: மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஆய்வகத்தில் இது கட்டாயம்.

5. டைப் செக்கிங் மோட்: பைத்தான் நீட்சியில் இதை 'பேசிக்' என்று வைத்தால், சரத்தையும் எண்ணையும் கூட்டுவது போன்ற பிழைகளையும் இயக்கும் முன்பே காட்டும்.

இவற்றை 'வொர்க்ஸ்பேஸ்' பகுதியில் மாற்றினால், நாம் திறந்திருக்கும் கோப்புறைக்குள்ளேயே ஒரு சிறு கோப்பாக அவை சேமிக்கப்படும். அந்தக் கோப்புறையைப் பென்டிரைவில் எடுத்துச் சென்று மற்றக் கணினிகளில் நகல் எடுத்தால் போதும். எல்லாக் கணினிகளிலும் ஒரே அமைப்பு வந்துவிடும்.

இன்னொரு பயனுள்ள வசதி ஸ்னிப்பெட். ஒரு குறுஞ்சொல்லைத் தட்டி டேப் விசையை அழுத்தினால், நாம் முன்பே எழுதி வைத்த வரிகள் வந்து நிற்கும். முழு நிரலை அதில் வைக்காதீர்கள். உள்ளீடு என்ன, செய்ய வேண்டியது என்ன, வெளியீடு என்ன என்ற மூன்று தமிழ்க் குறிப்புரைகளை மட்டும் வையுங்கள். ஒவ்வொரு நிரலையும் மாணவர் அந்த மூன்று கேள்விகளுக்குத் தமிழில் விடை எழுதிவிட்டுத் தொடங்கட்டும். மனப்பாடத்தில் வந்த நிரலுக்கு அந்த மூன்று வரிகளை எழுத முடியாது. புரிந்து எழுதும் நிரலுக்கு எளிதாக எழுதலாம்.

எவற்றை மூடி வைப்பது?

முதலில் மூட வேண்டியது தானாக வரும் பரிந்துரைப் பட்டியல். இரண்டு எழுத்து தட்டியதும் பத்துச் சொற்கள் வந்து விழுகின்றன. அனுபவம் உள்ளவருக்கு அது வேகம் தரும். புதிதாகக் கற்பவருக்கோ, எது சரி என்று தெரியாமலே முதலில் இருப்பதைத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தைத் தரும். அமைப்புகளில் 'குயிக் சஜஷன்ஸ்' என்பதை நிறுத்திவிடலாம். தேவைப்படும்போது மட்டும் கன்ட்ரோல் விசையுடன் ஸ்பேஸ் விசையை அழுத்திக் கேட்டுக்கொள்ளலாம். கேட்டால் சொல்வது, கேட்காமல் சொல்வது என்ற வேறுபாடு ஆசிரியர்களுக்குப் புதிதல்ல.

அடுத்தது செயற்கை நுண்ணறிவு. இன்றைய எடிட்டர்களில் முழு நிரலையும் எழுதித் தரும் வசதி வந்துவிட்டது. பாடநூலில் உள்ள காரணிப்பெருக்க நிரல் அதற்கு ஒரு நொடி வேலை. முன்பு மாணவர் மனப்பாடம் செய்யவாவது உழைத்தார். இங்கே அந்த உழைப்பும் இல்லை. கற்கும் முதல் ஆண்டில் இந்த வசதியை அமைப்புகளில் முடக்கி வைப்பதே நல்லது. நிரலைப் படித்துக் குறை காணத் தெரிந்த பிறகு திறந்துகொள்ளலாம்.

எடிட்டருக்குத் தெரியாதது

அடிக்கோடு இல்லையென்றால் நிரல் சரி என்று மாணவர்கள் நம்பத் தொடங்குவார்கள். இதை முதல் வாரத்திலேயே உடைத்துவிட வேண்டும். பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கோழிப்பண்ணைக் கணக்கு ஒன்றை இப்படிக் கரும்பலகையில் எழுதுங்கள்:

முட்டை = 1000
அட்டை = முட்டை / 30
மீதி = முட்டை % 30

ஓர் அட்டைக்கு 30 முட்டை. எத்தனை அட்டை நிறையும், எத்தனை முட்டை மிஞ்சும் என்பது கேள்வி. இந்த மூன்று வரிகளிலும் எடிட்டர் ஒரு கோடும் போடாது. நிரலும் ஓடும். மீதி 10 என்று சரியாக வரும். ஆனால் அட்டை 33.33 என்று பின்னத்தில் வரும். முட்டை வியாபாரி யாரும் 33.33 அட்டை என்று கணக்குச் சொல்ல மாட்டார். ஒற்றைச் சாய்கோட்டுக்குப் பதில் இரட்டைச் சாய்கோடு போட்டால் 33 என்று வரும். இலக்கணம் சரி, பொருள் தவறு. இதுதான் தருக்கப் பிழை.

இன்னொன்று. விசைப்பலகை வழியாக இரண்டு மதிப்பெண்களை வாங்கிக் கூட்டும் நிரலில் 45, 40 என்று கொடுத்தால் சில மாணவர்களுக்கு விடை 4540 என்று வரும். பைத்தான் உள்ளீட்டைச் சரமாகத்தான் வாங்குகிறது. எண்ணாக மாற்றாவிட்டால் இரண்டு சரங்களையும் ஒட்டிவிடும். சரத்தோடு எண்ணைக் கூட்டினால் எடிட்டர் கண்டுபிடிக்கும். சரத்தோடு சரத்தைக் கூட்டுவது மொழியில் அனுமதிக்கப்பட்டது. அதனால் பேசாமல் இருக்கும்.

எடிட்டருக்கு மொழி தெரியும். நம் நோக்கம் தெரியாது. இயக்கும் முன் விடையைத் தாளில் கணக்கிட்டு வைத்துக்கொள்ளும் பழக்கம்தான் இதற்கு மருந்து. அதை எந்த நீட்சியும் கற்றுத் தராது.

தமிழாசிரியருடன் சேர்ந்து நடத்தக்கூடிய ஒரு சிறு செயல்பாடும் உண்டு. தமிழ் என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்து. பைத்தானின் நீளம் காணும் செயற்கூறு ஐந்து என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடு ஐந்து குறிகளாகச் சேமிப்பதே காரணம். உயிர்மெய்யைப் பிரித்துக் காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

ஓராண்டுக்கு மூன்று படிகள்

பொதுத்தேர்வு விடைத்தாளில் நிறமும் இல்லை, அடிக்கோடும் இல்லை. ஆகவே கொடுத்த உதவியைப் படிப்படியாகத் திரும்பப் பெற வேண்டும். மூன்று படிகளாகத் திட்டமிடலாம்.

முதற்பருவத்தில் நிறம், அடிக்கோடு இரண்டும் இருக்கட்டும்; பரிந்துரை மட்டும் வேண்டாம். கோடு விழுந்த இடத்தில் சுட்டியை வைத்து, வரும் ஆங்கில வரியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அடிக்கடி வருபவை மிகச் சில பிழைகள்தான். சின்டாக்ஸ் எரர் என்றால் தொடரியல் தவறு. இன்டென்டேஷன் எரர் என்றால் உள்தள்ளல் தவறு. நேம் எரர் என்றால் அந்தப் பெயரை நிரல் அறியவில்லை. பெரும்பாலும் எழுத்துப்பிழை, அல்லது சிறிய எழுத்துக்குப் பதில் பெரிய எழுத்து. டைப் எரர் என்றால் தரவின் வகை பொருந்தவில்லை. இந்த நான்கையும் தமிழில் விளக்கி ஆய்வகச் சுவரில் ஒட்டலாம். அடைப்புக்குறியோ அரைப்புள்ளியோ விடுபட்டால் கோடு சில சமயம் அடுத்த வரியில் விழும் என்பதையும், அதனால் மேல்வரியையும் பார்க்க வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள்.

இரண்டாம் படியில் 'பிராப்ளம்ஸ் விசிபிலிட்டி' என்னும் அமைப்பை நிறுத்துங்கள். அடிக்கோடுகள் மறைந்துவிடும். மாணவர் எழுதி முடித்து, தானே ஒருமுறை படித்து, பிழை இருக்கும் என்று தோன்றும் வரி எண்களை நோட்டில் குறிக்கட்டும். பிறகு கோடுகளைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும். தன் ஊகம் சரியாகும் நாளில் மாணவருக்கு வரும் மகிழ்ச்சியை வகுப்பில் நேரில் காணலாம்.

மூன்றாம் படி, தாளில் எழுதிவிட்டு ஐடிலில் தட்டச்சு செய்வது. அரையாண்டுத் தேர்வுக்குப் பின் இதுவே வழக்கமாகட்டும். தேர்வுக்கு எந்த மென்பொருள் இருக்கிறதோ அதில் கை பழகியிருப்பதும் தேவை.

பழைய கணினிகள் இருந்தால்

ஆய்வகக் கணினிகளில் எதை நிறுவுவதானாலும் தலைமையாசிரியர், ஆய்வகப் பொறுப்பாளர் அனுமதியோடு செய்ய வேண்டும். இணைய வேகம் குறைவு என்றால் எடிட்டரையும் நீட்சிக் கோப்புகளையும் ஒரு கணினியில் தரவிறக்கிப் பென்டிரைவில் எடுத்துச் சென்று நிறுவலாம். விண்டோஸ் 7 கணினிகளில் பைத்தான் 3.8 பதிப்புவரைதான் இயங்கும். விஎஸ் கோடின் புதிய பதிப்புகளும் அதில் நிறுவ முடியாது. 2021-இல் வந்த பைத்தான் 3.10 முதல் பிழைச் செய்திகள் தெளிவாகியுள்ளன. மூடப்படாத அடைப்புக்குறியை அதுவே நேராகச் சுட்டுகிறது. புதிய பதிப்பு இயங்கும் கணினி என்றால் அதையே நிறுவுங்கள். நினைவகம் குறைந்த கணினிக்கு எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவான 'தோனி' என்னும் எளிய எடிட்டர் உண்டு. பைத்தான் அதனுடனேயே வருகிறது. நிரலை ஒவ்வோர் அடியாக இயக்கி, மாறிகளின் மதிப்பு எப்படி மாறுகிறது என்றும் காட்டும்.

எந்த எடிட்டர் என்பது இரண்டாவது கேள்விதான். வரும் செய்முறை வகுப்பில் ஒன்று மட்டும் செய்து பாருங்கள். "எரர் வருது" என்று கை உயரும்போது விசைப்பலகையைத் தொடாமல், "எந்த வரியில் கோடு விழுந்திருக்கிறது? என்ன எழுதியிருக்கிறது? படி பார்ப்போம்" என்று கேளுங்கள். முதல் வாரம் நேரம் கூடுதலாகத்தான் ஆகும். போகப்போகப் பிழையைத் தானே தேடும் மாணவர்கள் வகுப்பில் கூடுவார்கள். உயரும் கைகள் குறையும்.